முன்பக்க டிக்கெட்

விமானம் மேலே ஏறி நேரானதும், பெல்ட் விளக்கு அணைந்ததும், முதல் ஆளாக எழுந்து நின்றவர் கண்டக்டர்தான். அவரைப் பொறுத்தவரை வண்டி கிளம்பியாகிவிட்டது, கூட்டம் அடங்கியாகிவிட்டது, இனி யார் எங்கே உட்காருவது என்பதை உள்ளே இருப்பவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். இருபது வருஷத்துக்கு மேலாகப் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவருக்கு வேறெப்படித் தோன்றும்? சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, எதையும் பிடிக்காமல், இரண்டு பக்கத்து சீட்டுகளுக்கும் நடுவே இடுப்பை வளைத்து வளைத்து அவர் முன்னால் போன நடையைப் பார்த்தவர்கள், ஆள் இந்த விமானத்திலேயே வேலை பார்க்கிறவர் போலிருக்கிறது என்று காலை மடக்கி வழிவிட்டார்கள். முன்பக்கம் போய்ச் சேர்ந்தால் அங்கே ஒரு திரை தொங்கியது. சாம்பல் நிறம், நல்ல தடிமன், மடிப்புக்கூடக் கலையவில்லை. அதை விலக்கக் கை வைத்தபோது மறுபக்கத்திலிருந்து ஒரு பணிப்பெண் வெளியே வந்தாள்.

"சார், டாய்லெட் பின்னாடி இருக்கு."

"டாய்லெட்டுக்கு இல்லம்மா. எங்க அக்கா உள்ள இருக்காங்க. முதுகெலும்புல அடிபட்டவங்க. பக்கத்துல உக்காந்துக்கலாம்னு வந்தேன்."

"உங்க சீட் எது சார்?"

"எனக்குப் பின்னால. அது இருக்கட்டும், யாராச்சும் வேணும்னா காலை நீட்டிக்கட்டும்."

அந்தப் பெண் சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை, பாவம். "இதுக்கு அந்தப் பக்கம் அந்த டிக்கெட் உள்ளவங்க மட்டும்தான் சார் போகலாம்" என்றாள்.

"நான் சீட்டு கேக்கலையேம்மா. நின்னுக்கிட்டே வர்றேன்."

விமானத்தில் நின்றுகொண்டு வருவது என்று ஒன்று கிடையாது என்பதை அவள் எப்படிச் சொல்லுவாள்? "மேடத்த நாங்க நல்லாப் பாத்துக்குவோம் சார்" என்று மட்டும் சொல்லித் திரையை இன்னும் ஒரு சாண் இழுத்து மூடினாள்.

கண்டக்டர் திரும்பி வந்து சீட்டில் விழுந்தார். எந்த இடத்தில் கோட்டை விட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டிக்கெட் போடப் போனபோது ஏஜெண்ட் கேட்கத்தான் கேட்டான், இரண்டு பேருக்கும் முன்பக்கமே போட்டுவிடட்டுமா என்று. "எனக்கு எதுக்குய்யா? ஒரே வண்டிதானே. அக்காவுக்கு முன்னால போடு, எனக்குப் பின்னால போடு. வண்டி எடுத்ததும் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கண்ணைக்கூடச் சிமிட்டினார். அவருடைய பஸ்ஸில் அப்படித்தான். உடம்புக்கு முடியாதவர்கள் ஏறினால், நன்றாக இருக்கிற இரண்டு பேரை எழுப்பிவிட்டு நீளமாகப் படுக்க வைத்துவிடுவார். கூட வந்தவர் தலைமாட்டில் நிற்பார். இதற்கெல்லாம் யாரும் சட்டம் பேசியதில்லை. பேசினால் கண்டக்டர் பார்க்கிற பார்வையில் வாயை மூடிக்கொள்வார்கள். விமானம் என்பது கொஞ்சம் பெரிய பஸ், மேலே போகிறது, அவ்வளவுதான் என்று அவர் நம்பிவிட்டார். ஏஜெண்டோ இவருக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது என்று நம்பிவிட்டான்.

அந்த ஒரு முன்பக்க டிக்கெட்டுக்கு வீட்டில் நடந்த ரகளை கொஞ்ச நஞ்சமில்லை. அக்கா பதினெட்டு வருஷம் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்தவள். அடுத்தவர் வீட்டு உயரமான ஜன்னலைத் துடைக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தாள். முதுகெலும்பு விண்டுவிட்டது. ஆபரேஷனை ஊரில் போய்ச் செய்துகொள் என்று கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் அந்த வீட்டார். அங்கே இருந்த டாக்டர், அக்காவை அழைத்துவரப் போன கண்டக்டரை உட்காரவைத்து ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்: படுத்தபடியேதான் கொண்டுபோக வேண்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கொஞ்ச நேரம் உட்காரலாம், பாத்ரூமுக்கு நாலடி நடக்கலாம், அதற்கு மேல் கூடாது. விண்ட துண்டு நரம்பில் அழுத்திவிட்டால் இரண்டு காலும் போய்விடும், அப்புறம் எந்த ஆபரேஷன் செய்தும் புண்ணியமில்லை. முன்பக்கத்து சீட்டுதான் கட்டில் மாதிரி மட்டமாக விரியும். அதன் விலையைக் கேட்டதும் அக்காதான் முதலில் குதித்தாள்.

"எட்டு மணி நேரம் படுக்கறதுக்கா இத்தன காசு? எனக்கென்ன பைத்தியமா? அதுல ஊர்ல பாதியில நிக்கற வீட்டுக்குக் கூரையே போட்டுடலாம்டா."

ஊரிலிருந்து போனில் பேசிய கண்டக்டரின் மனைவிக்கும் நாத்தனாருக்கும் என்றைக்குமே ஏழாம் பொருத்தம். அவளும் சேர்ந்துகொள்வாள் என்று இவர் பயந்தபடியே போனைக் காதில் வைத்தார். அவளோ, "கூரை எங்கயும் ஓடிப்போகாது. அவங்க காலோட வந்து எறங்கட்டும், அப்புறம் கால ஆட்டிக்கிட்டு என்னோட சண்ட போடட்டும்" என்றாள்.

பக்கத்தில் நடு சீட்டு காலி. ஜன்னலோரம் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர். அடிக்கடி விமானத்தில் போகிறவர் என்பது அவர் காலை நீட்டியிருந்த தோரணையிலேயே தெரிந்தது. கண்டக்டர் போய்வந்ததைப் பார்த்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"முன்னால டிக்கெட் எடுத்தீங்களா? அத்தனையும் ஏமாத்து வேலை சார். ஒரு தட்டு சாப்பாடு கூட, ஒரு போர்வை கூட. எறங்கும்போது அவங்களும் நாமளும் ஒண்ணாத்தான் எறங்கப்போறோம்."

"சாப்பாட்டுக்கு எடுக்கல சார். படுக்கறதுக்கு எடுத்தது."

"தூங்கறதுக்கா? இங்கயே தூங்கலாமே" என்று சொல்லிவிட்டு, செய்து காட்டுவதுபோல அவர் தூங்கியும்விட்டார். கொடுத்து வைத்த மனுஷன்.

கண்டக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வலி மாத்திரை தன் சட்டைப்பையிலேயே இருப்பது ஞாபகம் வந்து, சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அதே பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். போய்வந்து சொன்னாள்: "குடுத்துட்டேன் சார். நல்லாத்தான் இருக்காங்க. சாப்பாட்டத் தவிர வேற எதுவுமே வேணாம்னுட்டாங்க. ரொம்பத் தங்கமானவங்க."

எதுவுமே வேண்டாம் என்றாளாமே, அதைத்தான் கண்டக்டரால் நம்ப முடியவில்லை. அக்காவை அவருக்குத் தெரியாதா? அவள் வேலை பார்த்த வீடுகளில் ஒவ்வொரு அறையிலும் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் சமையலறையில் மணி அடிக்கும். அடித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அப்படி ஓடி ஓடியே காலத்தைக் கழித்தவள், தலைக்கு மேல் ஒரு பொத்தானைக் காட்டி, வேண்டுமென்றால் அமுக்குங்கள் மேடம் என்றால் அமுக்கிவிடுவாளா? தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் அமுக்க மாட்டாள். பக்கத்தில் ஆள் இருந்தால் முகத்தைப் பார்த்துச் செய்யலாம். அந்த ஆளை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது யார்? அவரேதான். தன் தலையில் தானே நாலு போடலாம் போலிருந்தது. இன்னொரு தடவை போய்க் கேட்டார். இந்தத் தடவை வேறொரு ஆள், மூத்தவன், மரியாதையாகவே அனுப்பிவைத்தான். இங்கே அவர் கேட்கிற இடத்தில் இருந்தார். மறுக்கிற இடத்திலேயே நின்று பழகியவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

விளக்குகளைக் குறைத்திருந்தார்கள். கண்டக்டர் கண்ணை மூடுவதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தபோது அது அசைந்தது. அக்கா வந்துகொண்டிருந்தாள். இடுப்புப் பட்டையை வெளியே தெரிய இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சீட்டின் முதுகையும் பிடித்துப் பிடித்து, தூங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். தம்பியைக் கண்டதும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்தால் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனவனைக் கண்டுபிடித்தவள் மாதிரி இருந்தது.

"எங்கடா போய் ஒளிஞ்சுக்கிட்ட? தள்ளு, தள்ளு."

"அக்கா, நீ எதுக்கு எழுந்த? போய்ப் படு. உனக்கு ஒரு தடவ சொன்னாப் புரியாதா?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவர் முழங்காலைத் தாண்டி நடு சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். உட்காரும்போது முகம் சுளித்து, பல்லைக் கடித்து, அப்புறம் சரியானாள்.

"அங்க என்னால முடியாதுடா" என்றாள். "சுத்தி மூணு பக்கமும் சுவரு. பொட்டிக்குள்ள போட்டு மூடின மாதிரி. பேச ஒரு நாதி இல்ல. அந்தப் பொண்ணு வந்து முட்டி போட்டு, 'மேடம், என்ன வேணும்'ங்கறா. எம் பக்கத்துல முட்டி போடறாடா. எனக்கு அவ முட்டியத்தான் பாக்கத் தோணுது. எந்திரிம்மா, வலிக்கும்னேன். சிரிக்கிறா. சாப்பிட்ட தட்ட நானே கொண்டுபோய்க் கழுவி வச்சுடலாம்னு எழுந்தேன், பதறிப்போயிட்டாங்க."

"அது அவங்க வேலைக்கா."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா.

கண்டக்டர் தலைக்கு மேலிருந்த பொத்தானை அமுக்கி அந்தப் பெண்ணை வரவழைத்தார். எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கெஞ்சினார். நானும் கூட வந்து தலைமாட்டில் ஐந்து நிமிஷம் நின்றால் படுத்துவிடுவாள் என்றார். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எனக்கு மேல இருக்கறவங்ககிட்ட மறுபடியும் கேட்டுப் பாக்கறேன் சார். மேடம், நீங்க வாங்களேன், நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றாள். அக்கா அந்தப் பெண்ணின் கையைத் தட்டிக் கொடுத்து, "நீ போய்க் கொஞ்சம் உக்காரு தாயி, வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்க" என்று அவளையே அனுப்பிவிட்டாள். பிறகு தம்பியின் பக்கம் சாய்ந்தாள். "ஒரு அரை மணி நேரம்டா. உங்கூட உக்காந்து பேசி எத்தன வருஷமாச்சு. லீவுல வந்தா ஆளாளுக்குப் பொட்டியத்தான் பாப்பீங்க, என்னை எவன் பாத்தான்? பேசிட்டுப் போயிடறேன்."

இதைக் கேட்டுவிட்டு எந்தத் தம்பி எழுந்து போ என்பான்? தோளைப் பிடித்துத் தள்ளிவிட முடியுமா? கண்டக்டரும் சரி, அரை மணி நேரம்தானே என்று விட்டுவிட்டார். அவள் பேசினாள். வேலை பார்த்த வீட்டுக் குழந்தை அவளை அம்மா என்று கூப்பிட்டு அடி வாங்கியதைச் சொன்னாள். உன் பெண்டாட்டி இன்னும் பாத்திரத்தை உருட்டிக்கொண்டுதான் இருக்கிறாளா என்று கேட்டாள். கண்டக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, போதும், இப்போது எழுப்பிவிட வேண்டியதுதான் என்று நினைத்த நேரத்தில் விமானம் தூக்கிப் போட்டது.

ஒரு தடவையோடு நிற்கவில்லை. மேலே இருந்த பெட்டிகள் தடதடவென்று ஆடின. பெல்ட் விளக்கு எரிந்தது. எல்லோரும் உட்காருங்கள், யாரும் எழுந்திருக்காதீர்கள் என்று அறிவிப்பு வந்தது. கண்டக்டர் அதையும் மீறி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் முன்சீட்டில் போய் மோதினார். எத்தனை குண்டு குழியில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவர்!

"சார், உக்காருங்க. தயவுசெஞ்சு உக்காருங்க" என்று பின்னால் இருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. அவளும் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"படுக்க வைக்கணும்மா இவங்கள."

"இப்ப யாரும் நடக்க முடியாது சார்."

அவர் உட்கார்ந்து, தனக்கும் அக்காவுக்கும் பெல்ட்டைப் போட்டுவிட்டார். கைப்பிடியை மேலே தூக்கி, மடியில் சாய்த்துப் பார்த்தார். பெல்ட் பிடித்தது. பெல்ட்டைக் கழற்றினால் தூக்கி எறிந்துவிடும். பொத்தானை அமுக்கினார், மறுபடியும் அமுக்கினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே மேலே போய்க் கீழே வந்தாள். அவர் தன் கையை அவள் முதுகுக்குப் பின்னால் கொடுத்துத் தாங்கினார். அந்தக் கையால் என்ன ஆகும்? முன்னால், திரைக்கு அந்தப் பக்கம், மட்டமாக விரித்த படுக்கை ஒன்று ஆளில்லாமல் பறந்துகொண்டிருந்தது. எப்போது நிற்கும், எப்போது நிற்கும் என்று அவர் விளக்கையே பார்த்தார். அது அணைகிற வழியாக இல்லை. மூக்குக்கண்ணாடிக்காரர்கூட விழித்துக்கொண்டு, "சில நேரம் இப்படித்தான், ரொம்ப நேரம் விடாது" என்றார்.

அக்கா மட்டும் பயப்படவில்லை. முதலில் இரண்டு மூன்று தடவை முனகினாள். பிறகு முனகலும் நின்றது. முகம் தெளிந்திருந்தது. விட்ட இடத்திலிருந்து பேச்சை எடுத்தாள்.

"கூர போட முடியலேன்னாலும் பரவால்லடா. அந்தச் சமையக்கட்டுல ஒரு ஜன்னல் மட்டும் வச்சுக் குடு. ரோட்டப் பாத்து இருக்கணும். நான் நின்னா மூஞ்சி வெளிய தெரியற உயரத்துல. போற வர்றவங்களோட நாலு வார்த்த பேசணும்."

"வச்சிரலாம்க்கா."

அடுத்த குலுக்கலில் அவள் காலிலிருந்து செருப்பு கழன்று கண்டக்டரின் கால் பக்கம் வந்து விழுந்தது. முன்பக்கத்தில் கொடுத்த வெள்ளைத் துணிச்செருப்பு. பெல்ட் விட்ட மட்டும் குனிந்து அதை எடுத்தார். அவளுடைய வலது காலைப் பிடித்து அதற்குள் நுழைத்தார். கால் சில்லென்றிருந்தது, அவர் வைத்த பக்கமே சாய்ந்தது. அவள் பேச்சை நிறுத்தவில்லை. ஜன்னலுக்குக் கம்பி வேண்டாம், கம்பி வைத்தால் ஜெயில் மாதிரி இருக்கும் என்றாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலைப் பிடித்து அழுத்தினார். பிறகு நகத்தால் கிள்ளினார். இன்னும் பலமாகக் கிள்ளினார்.

"கதவு மட்டும் நல்ல மரத்துல போடு" என்றாள் அக்கா. அப்புறம் அவருடைய முதுகைப் பார்த்துவிட்டு, "குனிஞ்சுக்கிட்டு என்னடா தேடற?" என்றாள்.

"ஒண்ணும் இல்லக்கா. நீ பேசு."

அவர் நிமிரவில்லை. அந்தக் காலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மேலே அவள், கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.