பவுனுவின் கண்ணாடித் தட்டு

1

நாற்பத்தெட்டு மணி நேரம். திண்டிவனத்தில் கால்நடை ஆஸ்பத்திரியின் பின்னறையில், வெதுவெதுப்பான பெட்டிக்குள் ஒரு கண்ணாடித் தட்டு அவ்வளவு நேரம் இருக்க வேண்டும். இந்தக் கதை அந்தப் பெட்டியிலிருந்துதான் வந்தது. பவுனு என்ற பெண் குதிரை மூன்று வருடமாகச் சினை பிடிக்கவில்லை. மருந்துக்குத் தீருமா, தீராதா என்று தட்டுதான் சொல்ல வேண்டும். டாக்டர் நீளக் கம்பியில் பஞ்சு சுற்றி, அதனுடைய

[இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். அந்த உறுப்பைப் பி.எஸ்ஸி. தேர்வில் படம் வரைந்து பெயர் எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை. டாக்டர் ஈரம் எடுத்துத் தட்டில் தேய்த்தபோது, அவருடைய உதவியாளான நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.]

2

முதலில் எழுதிய தொடக்கம்: "1961, ஆடி மாதம்." அடித்துவிட்டேன். அடுத்தது: "விழுப்புரம் சாலையில் பனிக்குள் ஒரு வெள்ளைக் குதிரை வந்தது. அதன் கால்கள் தரையில் படவில்லை. அது" — இது இருக்கட்டும். பவுனு செம்மண் நிறம். ஆடியில் பனி ஏது? ஆனால் பெட்டிக்குக் காவல் இருந்த இரண்டு நாளும், கண் மூடினால் அப்படித்தான் வந்தது.

3

சவுரிராயன் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டுகிறவர். முதல் பிரதியில் அவரைக் கொடுமைக்காரராக எழுதினேன். சரியாக வரவில்லை. திட்டும்போதும் அவர் கை பவுனுவின் காதைத் தடவிக்கொண்டே இருந்தது.

"இன்னா பாப்பா, தட்டு இன்னா சொல்லுது?"

"டாக்டர் வரட்டுங்க."

"அவரு திருவெண்ணெய்நல்லூர் கேம்புக்கில்ல போயிருக்காரு. சுண்ணாம்புக் காளவாய்க்காரரு இத வாங்கறதுக்கு வாசல்ல நின்னுக்கினு இருக்காரு. இந்த மலடிய இன்னிக்கே தள்ளிவுடணும். ஜல்தி சொல்லு."

அவர் மனைவி லூர்துசெல்வி கயிற்றை விடாமல் நின்றார். "மலடி மலடின்னு கத்துறியே, மூணு வருசத்துக்கு முந்தி குட்டி போட்டது யாரு? நீயா?"

காளவாய்க்காரர் சிரித்துவிட்டார். சவுரிராயன் அவர் பக்கம் திரும்பினார்.

"போட்டுச்சு, இல்லன்னு சொல்லல. நஞ்சுக்கொடி வுழாம தொங்கிச்சே, அப்ப யாரு பாத்தது? செங்கல்ல கட்டித் தொங்கவுட்டேன். பொழுது சாயறதுக்குள்ள அறுத்துக்கினு வந்துச்சு. நான் இல்லன்னா அன்னிக்கே செத்திருக்கும்."

[இந்தப் பேச்சை இரண்டு பிரதிகளில் நீக்கினேன். அவ்வளவு பெருமையாகச் சொன்னார்.]

4

பெட்டியைத் திறந்தேன். ஆட்டு ரத்தம் கலந்த சிவப்புத் தட்டு. அதன்மேல் பனித்துளிபோல நுண்ணிய புள்ளிகள். நிலா கோட்டை கட்டுவதுபோல ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெளிச்ச வட்டம். நுண்ணோக்கியில் பார்த்தால், கோத்த மணிகள்போல் கிருமிகள்.* அறை முழுவதும் அந்த வட்டங்கள் மெதுவாக மிதப்பதுபோல் இருந்தது. இதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு பத்தி வர்ணித்திருப்பேன். வாசலில் பேச்சு கேட்டது.

* ஜெபமாலை என்று எழுதியிருந்தேன். லூர்துசெல்வி அக்காவின் கழுத்தில் ஒன்று கிடந்ததால் மாற்றினேன்.

5

ஒரு முடிவு: நான் பேசவில்லை. பவுனு காளவாயில் சுண்ணாம்பு இழுக்கிறது.

இன்னொன்று: டாக்டர் பஸ்ஸிலிருந்து இறங்கி, எனக்குப் பதிலாக எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். ஆசையாக எழுதியது இதைத்தான். பஸ் வரவில்லை.

உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம் என்று எழுத இருந்தேன். அதற்குள் சவுரிராயன் கயிற்றை மனைவியின் கையிலிருந்து பிடுங்கி நீட்டிவிட்டார். காளவாய்க்காரர் கை நீட்டினார். மூன்று ஆண்கள், காளவாய்க்காரர் கூட்டிவந்த வண்டிக்காரரோடு சேர்த்து, என்னைப் பார்த்தார்கள். நான் தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தேன்.

"அண்ணா, கயித்தக் குடுக்காதீங்க. பவுனு மலடி இல்ல. அதோட... கருப்பையில. கருப்பையில கிருமி இருக்கு. மருந்து இருக்கு. கல்லு கட்டி அறுத்தீங்களே, அன்னிக்குப் புடிச்சது அது."