கண்ணாடியின் கீழ்ப்பாதி

ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமட் சாலையிலுள்ள ஒரு சிறிய கிளினிக்கில் பிரியந்தி தாதி. இளவயதிலிருந்தே கண்ணாடி போடுபவள். ஐம்பதை நெருங்கும்போது புதுத் தொல்லை ஒன்று சேர்ந்தது. பழைய கண்ணாடியில் தூரம் தெளிவாகத் தெரிந்தது, கையிலிருந்த எழுத்து மட்டும் கலங்கியது. வாசிக்கத் தனிக்கண்ணாடி போட்டால், எதிரே இருப்பவர் முகம் கலங்கியது. மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போனாள்.

கண் பரிசோதித்தவர் பைஃபோகல் எழுதிக்கொடுத்தார். மேல்பாதியில் தூரம், கீழ்ப்பாதியில் கிட்டத்தில் இருப்பது. வாங்கிய அன்றே கண்ணாடிக் கடைப்படியில் கீழ்ப்பாதி வழியாகக் குனிந்து பார்த்தவளுக்குப் படி மங்கலாகி, கால் தவறியது. கண்ணாடி கைப்பைக்குள் போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை, மீ கோரெங் என்னும் மலாய் நூடுல்ஸ் வறுவல் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டு எழுந்தார். எழுந்த வேகத்தில், மருந்து ஒத்துக்கொள்ளாமல் உதடு வீங்கத் தொடங்கியது. மூச்சு விசிலடித்தது. கிளினிக் ஆள் ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஓட, டாக்டர் மோகனராஜ் அவரைப் படுக்கவைத்து, ஆக்சிஜன் முகமூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

"அட்ரினலின், பிரியந்தி."

அவசரத் தட்டில் சின்னச் சின்ன கண்ணாடிக் குப்பிகள் கலந்து கிடந்தன. ஒன்றை எடுத்தாள். தூரக்கண்ணாடியில் எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருந்தது. கையை நீட்டிப் பார்த்தாள். அப்போதும் பிடிபடவில்லை. நிறத்தை வைத்து இதுதான் என்று நினைத்தாள், ஆனால் உடைக்க மனம் வரவில்லை.

குப்பியை டாக்டர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். அவர் தலையைப் பின்னுக்கு இழுத்தார், கண்ணைச் சுருக்கினார்.

"எனக்கும் எழுத்து தெரியல லா. நீ படி."

சிக்கந்தரின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. பிரியந்தி அலமாரிக்கு ஓடினாள். கைப்பையைத் தரையில் கவிழ்த்து, பைஃபோகலை எடுத்து மாற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணை மட்டும் கீழே இறக்கினாள். எழுத்து கூர்மையாக எழுந்து நின்றது. கையிலிருந்தது அட்ரினலின் இல்லை, இதயத் துடிப்புக்கான வேறு மருந்து. அடுத்ததை எடுத்தாள். அதுதான்.

மருந்தை உறிஞ்சும்போது ஊசிக்குழலின் அளவுக் கோடுகள் கீழ்ப்பாதியில் தெளிந்தன. தலையை நிமிர்த்தினால் மேல்பாதியில் சிக்கந்தரின் முகம். எதையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே, தொடையில போடுறேன். அசையாதீங்க."

சற்று நேரம் ஒன்றும் மாறவில்லை. பிறகு விசில் சத்தம் மெல்லத் தணிந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது சிக்கந்தர் கண்ணைத் திறந்து, கடை அடுப்பை அணைத்தார்களா என்று கேட்டார்.

அவர் போன பிறகு, பிரியந்தி தரையில் கிடந்த கைப்பைப் பொருள்களைப் பொறுக்கி எடுத்தாள். முதலில் எடுத்தது எந்த மருந்து என்று டாக்டரிடம் சொன்னாள். அவர் அவசரத் தட்டை மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். பிறகு தட்டிலிருந்த குப்பிகளை அவளோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினார்.

அவர் எழுதினார், அவள் பைஃபோகலின் கீழ்ப்பாதி வழியாகப் படித்துச் சரிபார்த்தாள்.