கடைசிப் பக்கத்திலிருந்து ஓர் ஆய்வுரை

'இலக்கிய வேழம்' என்ற பட்டத்தைப் பழனிமுத்துவுக்கு யார் கொடுத்தார்கள் என்று உக்குவளையில் யாருக்கும் தெரியாது. ஓய்வுபெற்ற உதவிக் கல்விப் பணிப்பாளர் என்பதற்கு அத்தாட்சி உண்டு, வேழத்துக்கு இல்லை. ஆனால் அழைப்பிதழில் அது விடுபட்டால் அவருக்கு வயிற்றுவலி வந்துவிடும், கூட்டத்துக்கு வரமாட்டார். அதனால் அச்சகக்காரர்கள் கேட்காமலே போட்டுவிடுவார்கள்.

அன்றைய நூல் வெளியீட்டுக்கு, நிஜமாகவே வயிறு வலித்திருந்தாலும் வந்திருப்பார். இலக்கிய வட்டத்தின் தலைவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. வட்டத்தின் காப்பாளர், மிளகு கராம்பு வியாபாரி ஜுனைதீன் ஹாஜியார். கூட்டம் நடக்கும் மேல்மாடி அவருடையது, ஒலிபெருக்கி அவருடையது, தேநீரும் ரோல்ஸும் அவருடைய செலவு. ஆகவே ஜனநாயக முறைப்படி தலைவரும் அவர் சொல்கிறவர்தான். பேச்சுகளைக் கேட்டுவிட்டுக் கடைசியில் பெயரை அறிவிப்பதாகச் சொல்லியிருந்தார். போட்டிக்கு இருந்தவர் பரிமளம் டீச்சர் மட்டுமே. எல்லாருக்கும் விளங்குகிற மாதிரிப் பேசுவார் என்பதால் அவரைப் பழனிமுத்து பெரிதாக மதிக்கவில்லை.

வெளியிடப்பட்ட நூல், சித்திர ஆசிரியை நுஸ்லா வரைந்த 'நிஞ்சா மந்தி'. பாத்திரங்கள் எல்லாம் விலங்குகள். கறுப்பு முகமூடி கட்டிய குரங்கு, அதற்கு வாள்வித்தை பழக்கும் முள்ளம்பன்றி, காடு வெட்டிச் செய்த சேனைப் பயிரைச் சூறையாடும் காட்டுப்பன்றிக் கூட்டம். ஆய்வுரைக்கு அழைத்தபோது, "சின்னப் புள்ளைங்க படம் பாக்குற புத்தகத்துக்கு நான் எதுக்கும்மா?" என்று கேட்டவர், நாற்காலியை நினைத்துக்கொண்டு, "சரி, தாங்க" என்றார்.

வாசிக்கவில்லை என்று சொன்னால் பாவம். வாசித்தார். இரண்டு அட்டையிலும் குரங்கு இருந்தது. எந்தத் தமிழ்ப் புத்தகத்தையும் திறப்பதுபோலத் திறந்தார். முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: "நில்லுங்கள்! இது கடைசிப் பக்கம். மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள்."

நேராகச் சொன்ன வாக்கியத்தை நேராக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. புல்லரித்தது. வாழ்வின் தொடக்கமே முடிவு; மனிதனின் மறுபக்கமே ஆரம்பம். சின்னப் பெண்ணுக்குள் இவ்வளவு தத்துவமா!

மேலே வாசிக்க வாசிக்க வியப்புக் கூடியது. ஊரே கும்பிடும் காவல்காரக் குரங்கு ஒன்று, தேங்காய் மூட்டைகளைக் கிராமத்திலிருந்து தூக்கிக்கொண்டு போகிறது. பன்றிகளிடம் அடி வாங்குகிறது. குருவான முள்ளம்பன்றியை விட்டுப் போகிறது. கடைசிப் படத்தில் வெறும் திருடனாகத் தென்னை உச்சியில் தொங்குகிறது. பேச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கேள்விக்கு முன்னால் பதில் வந்தது. அதை நவீனத்துவம் என்று குறித்துக்கொண்டார். 'வீழ்ச்சியின் அழகியல்' என்று தலைப்பிட்டு, ஐந்து தாளில் ஆய்வுரை தயாரானது.

அழைப்பிதழில் ஆய்வுரைக்கு முன்னால் 'வாசகர் குரல்' என்று போட்டிருந்தார்கள். பழனிமுத்து மேடையில் கண்ணை மூடி, மற்றவர்கள் பேசும்போது அறிஞர்கள் இருக்கும் விதமாக இருந்தார்.

முதலில் மஸூதா என்ற தாய் எழும்பினார். "படமெல்லாம் நல்லாத்தான் ஈக்கிது. ஆனா எங்கட மகன் என்ட கறுப்பு ஷோல முகத்துல கட்டிக்கிட்டு அலுமாரிக்கு மேல ஏறி ஈக்கிறான். எறங்கச் சொன்னா, 'நிஞ்சா எறங்க மாட்டான்'ங்கிறான். டீச்சர் அடுத்த புத்தகத்துல நிஞ்சா எறங்குற மாதிரி ஒண்டு வரையணும்."

சபை சிரித்தது. பழனிமுத்து கண்ணைத் திறக்கவில்லை.

அடுத்து நளீம். நுஸ்லாவின் தாய்மாமன். பல்லேகமப் பக்கம் சேனை செய்கிறவர். மருமகளின் விழா என்பதற்காக முந்தின நாளே பஸ் பிடித்து வந்திருந்தார். வாழ்த்துவார் என்று நுஸ்லா நம்பியிருந்தாள்.

"மகள், நான் ஒண்டு கேக்கிறேன். ஒங்கட குரங்கு கடைசியில தேங்காயெல்லாம் ஊருக்குத் திருப்பிக் குடுக்குதே. எந்தக் குரங்கும்மா அது? எங்க ஈக்கி? எனக்கு அட்ரஸ் தாங்க. எங்கட பக்கத்துல பாத்தது பூரா எடுக்கிற குரங்குதான்."

"அது கதை மாமா!"

"கதைண்டாலும் ஒரு ஞாயம் வேணாமா? பன்றி பயந்து ஓடுதாம்! யான வெடிக்கே பன்றி திரும்பிப் பாக்காது. இது பல்லக் காட்டினா ஓடுதாம்!"

பழனிமுத்து உள்ளுக்குள் பரிதாபப்பட்டார். திருப்பிக் கொடுக்கிறதாம். பாமரன், படத்தைக்கூடத் தலைகீழாகப் பார்த்திருக்கிறான். ஆய்வுரையில் இவனுக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

மூன்றாவதாகப் பரிமளம் டீச்சர். "நானும் மொதல்ல ஏமாந்துட்டேங்க. எடது பக்கத்துல இருந்து படிச்சுக்கிட்டே போறேன், ஒண்ணும் வெளங்கல. அப்பறம்தான் அந்த 'நில்லுங்கள்'ங்கிறத ஒழுங்கா வாசிச்சேன். ஜப்பான் சித்திரக்கதைய வலது பக்கத்துல இருந்துதான் படிக்கணுமாம், நுஸ்லா அப்படியே செஞ்சிருக்கா. திருடனா இருந்த குரங்கு காவல்காரனா ஆகுற கத. அவ்வளவு பெருசாப் போட்டிருந்தும் எனக்குப் புரியல பாருங்க!"

"எனக்கு அந்தக் கரச்சலே இல்ல" என்றார் ஹாஜியார் மேடையிலிருந்து. "அரபுக் கிதாபு ஓதிப் பழகின கை. தானா வலப்பக்கம்தான் திறந்திச்சு."

மறுபடியும் சிரிப்பு. பழனிமுத்துவின் கண்கள் இப்போது திறந்திருந்தன. காது மடல் சூடானது. கையில் 'வீழ்ச்சியின் அழகியல்' இருந்தது. இதை வாசித்தால் நாற்காலி போகும். நாற்காலியோடு வேழமும் போகும். நாளைக்கு வாட்ஸ்அப்பில் மாத்தளை முழுக்கச் சிரிக்கும்.

"அடுத்து, இலக்கிய வேழம் அவர்களின் ஆய்வுரை!"

ஒலிபெருக்கிவரை நடந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. உயிருக்குப் போராடுகிறவனுக்கு வருகிற யோசனை. கதையைத்தானே கடைசியிலிருந்து வாசித்தோம்? உரையையும் கடைசியிலிருந்து வாசித்தால்?

ஐந்தாம் தாளை மேலே எடுத்து வைத்தார்.

"ஆகவே!" என்று தொடங்கினார். சபை திடுக்கிட்டு நிமிர்ந்தது. அவருடைய உரை இதுவரை 'ஆகவே' என்று தொடங்கியதில்லை. ஆகவே வருவதற்குள் பாதிப்பேர் கழிப்பறைக்குப் போய் வந்துவிடுவார்கள். "ஆகவே, தென்னையின் உச்சியில் ஒரு திருடன் தொங்குகிறான், இறு... தொடக்கத்தில்!"

நான்காம் தாளில் தடுக்கியது. "தன் குருவை விட்டுப் போகிறான்" என்பது வாயைத் தாண்டிவிட்டது. வியர்த்தது. மேசையைத் தட்டினார். "போகிறானா? இல்லை! வருகிறான்!"

கைதட்டல். பழனிமுத்து ஒரு நொடி பயந்துபோனார். அவர் பேச்சின் நடுவில் இந்தச் சத்தம் கேட்டதில்லை.

அதன்பிறகு தடையில்லை. வீழ்ச்சி வந்த இடமெல்லாம் எழுச்சி என்றார். இரண்டாம் தாளில் குரங்கை ஊரே கும்பிட்டது. முதலாம் தாளில் எஞ்சியிருந்தவை வணக்கங்களும் அவையடக்கமும்தான். "காப்பாளர் ஹாஜியார் அவர்களே, ஆன்றோர்களே, சான்றோர்களே, சிறியேன் பிழை செய்திருப்பின் பொறுத்தருள்க. 'நில்லுங்கள்! இது கடைசிப் பக்கம்!'"

உட்கார்ந்தார். சபை எழுந்து தட்டியது. எவ்வளவு பேசிவிட்டு, எவ்வளவு பணிவாக முடித்தார் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். நளீம்கூட, "இந்த மனுசன் சொன்னா குரங்க நம்பலாம் போல ஈக்கிது" என்றார்.

ஹாஜியார் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "வேழம் சேர்ட பேச்ச இத்தன காலமாக் கேக்கிறேன். அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்றேன், இண்டைக்குத்தான் வெளங்கிச்சு. இனி அவர்தான் தலைவர். சேர், வாங்க, ஏற்புரைய சொல்லுங்க." பிறகு கையால் ஒலிபெருக்கியைப் பொத்திக்கொண்டு அவர் காதில் சொன்னார்: "சேர், இதே மாதிரி பேசணும். விசயம் மொதல்ல, சலாம் கடைசியில. பழைய மாதிரி தொடங்கினீங்கண்டா நான் யோசிக்க வேண்டி வரும்."

ஏற்புரை தயாராகத்தான் இருந்தது. சட்டைப்பையில் பல வாரமாக மடிந்து கிடந்த தடித்த கட்டு. தம் இலக்கியப் பயணம், பயணத்தின் இடர்கள், இடர்களை வென்ற விதம், வட்டத்துக்கான எதிர்காலத் திட்டம், எல்லாம் அதில் இருந்தன. ஹாஜியார் பார்த்துக்கொண்டே நின்றார். வேறு வழியில்லை. பழனிமுத்து கட்டைப் புரட்டி, கடைசித் தாளை எடுத்தார்.

முந்தின தாளில் இடம் போதாமல் வழிந்து வந்த ஒரே வரிதான் அதில் இருந்தது.

"நன்றி. வணக்கம்" என்று வாசித்தார்.

அடுத்த தாளை எடுப்பதற்குள் நாற்காலிகள் கரகரத்தன. அன்றைய நாளின் மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான். தட்டிக்கொண்டே எல்லாரும் தேநீர் மேசைப் பக்கம் திரும்பிவிட்டார்கள். "மாஷா அல்லாஹ்! தலைவர்ண்டா இப்படிப் பேசணும்" என்று கண்கலங்கிய ஹாஜியார், மின்சாரம் வீணாகக்கூடாதென்று ஒலிபெருக்கியை அணைத்தார்.

தம் இலக்கியப் பயணத்தைக் கையில் பிடித்தபடி தலைவர் மேடையில் தனியாக நின்றார். பரிமளம் டீச்சர் ஒரு தட்டோடு வந்து நீட்டினார்.

"ரோல்ஸ் எடுத்துக்கங்க தலைவரே. பயப்படாதீங்க, இத எந்தப் பக்கத்துல இருந்து தொடங்கினாலும் ஒண்ணுதான்."