உள்ளே போன பால்

ரேணுகா ஊற்றிய பால் சதாசிவத்தின் கடைவாயில் வழிந்து தலையணையில் இறங்கியது. முந்தானையால் துடைத்தாள்.

"உள்ள போவலியே," என்றாள் அவருடைய அக்கா பூவாயி. "எதுக்கோ இழுத்துகினு கீது தம்பி உசுரு. இன்னொரு வாட்டி ஊத்துடி."

ஊற்றினாள். அதுவும் வழிந்தது.

ஆஸ்பத்திரியில் கைவிரித்து செங்கல்பட்டு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து ரேணுகா கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். புருஷன் கண் திறக்கவில்லை.

அப்போதுதான் ஜெனிட்டா வந்தாள். அவரோடு காலேஜில் பொருளாதாரப் பாடம் எடுப்பவள். வருஷக்கணக்கில் இரண்டு பேரும் ஒன்றாக பஸ் ஏறி மாமல்லபுரம் போய், சிற்பப் பட்டறைகளில் கூலி எவ்வளவு என்று விசாரித்து வருவார்கள். பட்ஜெட்டில் அந்த ஜனங்களுக்கு என்ன ஒதுக்கினார்கள் என்று உட்கார்ந்து எழுதுவார்கள். அவர் சட்டையெல்லாம் கல்தூசியோடு வருவார். அதைத் தோய்த்தது ரேணுகா. நீயும் வாயேன் என்று ஒரு நாள்கூட அவர் கூப்பிட்டதில்லை.

ஜெனிட்டா கையில் போனோடு கட்டிலோரம் குனிந்தாள். "சார், பட்ஜெட் வந்திடுச்சு. சிற்பத் தொழிலாளர் நலவாரியத்தை எந்தப் பக்கத்துல ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு தேடிட்டிருக்கேன் சார்."

புருவம் நெரிந்தது. கண் திறந்தது.

"பாத்துட்டான்டி!" பூவாயி ஸ்பூனை ஜெனிட்டா கையில் திணித்தாள். "நீ ஊத்தும்மா."

"நான் எப்படிம்மா..." ஜெனிட்டா ரேணுகாவைப் பார்த்தாள்.

"ஊத்து," என்றாள் ரேணுகா.

அவர் தொண்டை ஏறி இறங்கியது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

"அப்பாடா," என்றாள் பூவாயி. அவர் கண் மறுபடி மூடிக்கொண்டது.

"அந்த போனைக் குடு," என்றாள் ரேணுகா ஜெனிட்டாவிடம்.

"அக்கா?"

"குடுன்றேன். இன்னா படிக்கணும், காட்டு."

அவருக்கும் ஜெனிட்டாவுக்கும் நடுவில் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தொழிலாளர் நலன்... மற்றும் திறன் மேம்... மேம்பாட்டுத் துறை..."

"பால் ஊத்தற நேரத்துல இன்னாடி படிப்பு உனுக்கு?"

ரேணுகா நிறுத்தவில்லை. தடுக்கிய இடத்தில் ஜெனிட்டா மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள். வரிக்கு வரி ரேணுகா அவர் முகத்தைப் பார்த்தாள். புருவம் அசையவில்லை.

ஒரு இடத்தில் திக்கியபோது ஜெனிட்டா ஒன்றும் சொல்லவில்லை. அவள் விரல் அவர் மணிக்கட்டில் இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டாள்.

"அக்கா..."

"இரு. இன்னும் கீது."

பூவாயி மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். போன் திரை மங்கியது. அணைவதற்குள் ரேணுகா கட்டைவிரலால் தொட்டு அடுத்த வரிக்குப் போனாள்.