பின்பக்கத்திலிருந்து எழுதிய கொப்பி

ருமேனியாவில் அட்டைப்பெட்டி ஆலை ஒன்றில் பதினேழு மாதம் இரவு வேலை பார்த்தேன். ஒப்பந்தம் இரண்டு வருடம். முடிக்கவில்லை. ஓர் இரவு, தேநீர் நேரத்துக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும்போது, கையுறையைக் கழற்றி மெஷினுக்கு மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல காரணம் இல்லை. பகலைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

அங்கிருந்து கொண்டுவந்தது ஒரேயொரு யோசனை. அந்த ஆலையில் வெட்டி விழும் துண்டைக்கூட வீசமாட்டார்கள். கூழாக்கித் திரும்பவும் தாளாக்குவார்கள். பக்கத்துக் கடையில் அப்படிச் செய்த எழுதும் கொப்பிகள் இருந்தன. ஓரம் ஒழுங்கில்லை, நிறம் மங்கல், ஆனாலும் ஆட்கள் தேடி வாங்கினார்கள். எங்கள் கற்பிட்டியில் வீசுவதற்கு எவ்வளவோ கிடக்கிறதே என்று நினைத்தேன்.

இங்கே வெங்காய வியாபாரிகளிடம் சருகு கிடைக்கிறது. பாடசாலை வருடம் முடிந்தால் வீடு வீடாகப் பழைய கொப்பி கிடைக்கிறது. பக்கத்து ஆலங்குடாவில் பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் கிழிந்த பட்டத்துணியை விட்டுவிட்டுப் போகிறார்கள். அது மேலட்டைக்கு. மற்றதையெல்லாம் பீப்பாயில் ஊறவைத்து, அரைத்து, நுளம்புவலை அடித்த சட்டத்தில் அள்ளி, கருவாடு போடும் பரணில் காயவிடுவேன். முதல் தொகுதி சூடைக் கருவாடு மணத்தது.

"எழுதிப் பசிச்சா கடிச்சுத் தின்னலாம்" என்றார் ஸுஹைரா ராத்தா.

அவர் பக்கத்து வளவு. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம். காலையில் மத்ரஸாவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பார். பத்து மணிக்குப் பிறகு என்னிடம் வந்து தாள் வெட்டுவார். வேலைக்கு என்று இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

ஏப்ரலில் ஆலங்குடா ஹோட்டல் ஒன்றிலிருந்து நிஸார் வந்தார். அங்கே சாமான் வாங்குகிறவர், புத்தளத்து ஆள், அண்ணன் முறைக்கு 'நானா' என்று கூப்பிடுவேன். எண்பது கொப்பியும், பாரில் கிளாஸுக்குக் கீழே வைக்க முந்நூறு வட்ட அட்டையும் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். கொழும்பிலிருந்து ஹோட்டலை நடத்தும் மேடம் வந்து பார்த்துப் பிடித்தால் சீசன் முழுக்க எங்களிடம்தான்.

அதே கிழமை புத்தளத்து ஏஜென்டும் அழைத்திருந்தான். திரும்ப ருமேனியா, வேறு ஆலை, அதே இரவு வேலை. சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் பாஸ்போர்ட்டை நேரில் கொடுக்க வேண்டும். ஹோட்டல் சரிவந்தால் நிற்பது, இல்லாவிட்டால் போவது என்று முடிவெடுத்து வைத்திருந்தேன்.

புதன்கிழமை ஸுஹைரா ராத்தா வட்டம் வெட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"தம்பி, இங்க வாங்க."

வட்டத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சருகுத் துகள்களுக்கு நடுவில் நகமளவு நீலம். பிள்ளைக் கையெழுத்து. அறபில் ஒரு 'ரே', ஒரு 'ஹே', ஒரு 'மீம்'.

"பிஸ்மியில உள்ளது, அல்லாஹ்ட பேரு" என்றார்.

இஸ்லாம் பாடக் கொப்பி, அறபுக் கொப்பி எல்லாவற்றையும் நான் அட்டையைப் பார்த்து முதலிலேயே பிரித்திருந்தேன். பிரித்ததெல்லாம் பள்ளிவாசலில் பழைய குர்ஆன் தாள் போடும் பெட்டிக்குப் போய்விட்டது. கிழிக்காமல் மிச்சமிருந்த சாக்கிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தேன். தரம் ஆறு, விஞ்ஞானம். முதல் பக்கத்தில் இலையின் படம். திருப்பிப் பின்பக்கத்திலிருந்து திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை அஹதியா மார்க்க வகுப்பு வேலை, சிவப்புப் பேனையால் சரி போட்டிருந்தது. விஞ்ஞானம் முன்னாலிருந்து, அறபு பின்னாலிருந்து. நடுவில் நாலு வெற்றுத் தாள். நானும் படிக்கிற காலத்தில் இப்படித்தான் செய்தேன். வலமிருந்து எழுதுகிற பிள்ளைக்குப் பின்னட்டைதான் முன்னட்டை. தனிக் கொப்பி எதற்கு?

இதை நான் மறந்ததுதான் வெட்கம்.

"ராத்தா, ஊற வெச்சு அரைச்சா அது எழுத்தில்ல, கூழ்."

"அப்ப என்னத்துக்கு வாசிக்க முடியிது?"

"கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பாக்கிற ஆளுக்குத்தான்."

"நான் கண்ணாடியும் போடல்ல தம்பி. கொப்பியெண்டா வாய மூடிக்கிட்டு இருந்திருப்பன். இது சாராயக் கிளாஸுக்குக் கீழ வைக்கிறது. நான் வெட்டமாட்டன். நீங்க வெட்டுறதெண்டா இந்தா."

கத்தரிக்கோலை என் முன்னால் வைத்தார். நான் எடுத்து வெட்டினேன். ஆறு வட்டம். ஏழாவதை வெட்டுவதற்கு முன் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அதோடு வேலை கெட்டது. ஒரு மணித்தியாலத்தில் எழுத்துள்ளது இன்னும் ஒன்பது கிடைத்தது. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஹோட்டலுக்கான கொப்பிகள் முந்தின பீப்பாயில், கடைகளில் எடுத்த பிஸ்கட் அட்டைப்பெட்டியில் செய்தவை. அவை தப்பின.

வியாழக்கிழமை ஹோட்டலுக்குப் போய், குசினிக்குப் பின்னால் வைத்து வட்டத்தில் எழுத்து இருப்பதை நிஸாரிடம் சொன்னேன்.

"பாருக்குப் போத்தல் பெட்டி இறக்கிறவன் நான். ஒண்டும் சொல்லாம தந்திருந்தா வாங்கி வெச்சிருப்பன்."

"தெரியும் நானா."

"பிறகென்ன விசருக்கு வந்து சொன்னீங்க? இப்ப எனக்கும் தெரியுமே."

"திங்கக்கிழமை வேற செஞ்சு தாறன்."

"மேடம் நாளைக்கு வாறா. திங்கள் அவ இரிக்காட்டி?"

"இரிக்க வைங்க."

"நான் என்ன அவக்கு மாப்பிளையா?" ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். "கொப்பிய அனுப்புங்க. மத்ததுக்கு நான் வாக்குத் தரல்ல."

அன்று மாலை வட்டங்களும் வெட்டாத தாள்களும் பள்ளிவாசல் பெட்டிக்குப் போயின. அதில் அடங்காமல் பக்கத்தில் ஒரு சாக்கும் வைக்க வேண்டி வந்தது. பிறகு பிஸ்கட் பெட்டியும் சருகும் மட்டும் போட்டுப் புதுப் பீப்பாய் நிரப்பினோம். வெள்ளிக்கிழமை ஹோட்டலுக்கு எண்பது கொப்பி மட்டும் போனது. பதில் வரவில்லை.

சனிக்கிழமை காலை கூழ் பதத்துக்கு வந்திருந்தது. அந்த வெயிலில் அன்றைக்கே அள்ளாவிட்டால் புளித்துவிடும். புத்தளத்துக்கு பஸ்ஸில் போய்வந்தால் பாதி நாள் போய்விடும். ஏஜென்டுக்கு அழைத்தேன்.

"வேற ஆளுக்குக் குடுங்க."

"பிறகு கேட்டு வரப்படாது."

"சரி."

ஸுஹைரா ராத்தா கேட்டுக்கொண்டுதான் நின்றார். "ஹோட்டல்ல பதில் சொன்னாங்களா?"

"இல்ல."

அவர் சட்டத்தின் மறு பக்கத்தைப் பிடித்தார். இருட்டுவதற்குள் பீப்பாய் காலி.

திங்கட்கிழமை முந்நூறு வட்டத்தையும் கொண்டுபோனேன். மேடம் மூன்று நாள் பிந்தி அன்றைக்குத்தான் வந்திருந்தார். நிஸார் முதலில் ஒவ்வொன்றாகச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இருபதோடு நிறுத்தினார்.

"உங்கட புண்ணியத்தில எனக்கு வேலை கூடிட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே எடுத்துப்போனார்.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். வட்டம் சீசன் முழுக்க வேண்டும், மாதம் ஐந்நூறு, சருகு கொஞ்சம் கூட்டிப் போடட்டாம். கொப்பி எண்பதும் பெட்டியோடு அவர் கையில் இருந்தது.

"இது வேணாமாம். திறந்தா கருவாடு மணக்குதாம்."

ஸுஹைரா ராத்தா இருபதை மத்ரஸாவுக்கு எடுத்துக்கொண்டார். மிச்சம் அறுபதும் வெயிலில் விரித்துக் கிடக்கிறது. மணம் குறைகிற மாதிரித்தான் தெரிகிறது.