பெலிக்ஸின் பதினோராவது சிடி

பள்ளிக்கூடம் விட்டு வந்த கம்ப்யூட்டர் வாத்தியார் பெலிக்ஸ், காபியைக்கூடத் தொடாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கையில் மதுரையிலிருந்து வரவழைத்த திருட்டு சிடி. வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய அவர் வாங்கிய மென்பொருள்களில் இது பதினோராவது. முந்தைய பத்திலும் ஒரு பாட்டைக்கூட முழுதாகப் பதிந்ததில்லை. ஆனால் விசிட்டிங் கார்டில் 'இசையமைப்பாளர்' என்று 2005 பிறந்ததுமே அச்சடித்தாகிவிட்டது. அதற்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை.

அவர் மனைவி அமலராணி கோவில் பாடகர் குழுவில் பாடுகிறவள். கழுத்தில் கட்டி. மதுரையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

"என்னங்க, இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. குரல் மாறினாலும் மாறும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நம்ம பாப்பா ரூபியத் தூங்கவைக்க நான் கட்டுன அஞ்சு பாட்ட மட்டும் பதிஞ்சு வச்சிருவோம்."

"பொறு ராணி. கண்டதுல எடுத்தா நாலு பேரு சிரிப்பான். இதுல நாப்பத்தெட்டு ட்ராக் இருக்கு!"

பாடப்போவது ஒருத்தி. அந்த ஒரு குரலைப் பதிய நாற்பத்தெட்டுத் தடங்கள்!

பேகம்பூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அக்பர் அலி ஒருநாள் வீடு தேடி வந்து ஒரு சிடி கொடுத்தார்.

"சார், இதுவும் பாட்டுப் பதியிறதுதான். செஞ்சவங்களே இன்டர்நெட்ல இலவசமா குடுக்குறது. செவப்பு பட்டன அமுக்கிட்டுப் பாட வேண்டியதுதான். அம்புட்டுத்தான்."

"ஓசில குடுக்குறதுல என்னங்க தரம் இருக்கப்போகுது?" என்றார் பெலிக்ஸ், திருட்டு சிடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே.

மூன்று வாரமும் ஒன்றை ஏற்றுவதிலும் இன்னொன்றை நீக்குவதிலும் போயின. மதுரைக்குக் கிளம்பவேண்டிய நாள் காலையில் அமலராணி தலைக்குக் குளித்துவிட்டு மைக் முன்னால் வந்து நின்றாள். மென்பொருள் ரகசிய எண் கேட்டது. அதைத் திருட்டுத்தனமாக உண்டாக்கித் தரும் கோப்பை பெலிக்ஸ் திறந்தார். உள்ளிருந்த வைரஸ் கம்ப்யூட்டரையே முடக்கியது.

"செத்த நேரம் இரு, சரி பண்ணிடுறேன்."

அவள் மதியம் வரை நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

கட்டி போயிற்று, உயிர் தப்பிற்று. குரல்தான் திரும்பவில்லை. மகளைத் தூங்கவைக்க அவள் பாட்டின் முதல் அடியை எடுத்தபோது வெறும் காற்றுதான் கரகரத்தது. ஐந்து வயது ரூபி முகம் சுளித்து, "பழைய குரல்ல பாடும்மா" என்றாள்.

மறு வாரம் பெலிக்ஸ் குதித்துக்கொண்டு வந்தார். "ராணி, புதுசா ஒண்ணு வந்திருக்கு. உன் குரலக்கூட இது சரி பண்ணிரும்!"

அமலராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தொண்டையை இழுத்துப் பிடித்துப் பேசினாள்.

"நல்லா இருந்த குரல எடுக்க ஒரு பட்டன அமுக்க உங்களால முடியல. பெருமைக்காக மிசின் தேடுறவனுக்குப் பக்கத்துல நிக்கிற மனுசி தெரிய மாட்டா. கையில கெடைக்கிறத வச்சு அன்னைக்கே செய்யாதவன், உலகத்துல உள்ளதயெல்லாம் திருடிட்டு வந்தாலும் ஒண்ணும் செய்ய மாட்டான்."