எண்பத்தேழாம் பக்கம்

எங்கள் கம்பெனியில் நாங்கள் மின்விசிறி செய்கிறோம். காற்று வாங்குவதெல்லாம் முதலாளிதான்.

போன மாதம் அவர் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார். அட்டையில் ‘கோடி சேர்க்க நாற்பது படிகள்’ என்று தங்க எழுத்து. படித்துவிட்டு, பெற்ற பயனை எழுதித் தர வேண்டும். நன்றாக எழுதுபவருக்குத் தரப்பரிசோதனைப் பிரிவின் தலைவர் பதவி. அந்தப் பிரிவில் பத்து வருஷமாகக் கால் கடுக்க நிற்பவள் நான். தையல்காரரான என் வீட்டுக்காரர் அன்றைக்கே தலைவர் நாற்காலிக்கு ஒரு மெத்தை தைக்க உட்கார்ந்துவிட்டார்.

அச்சடித்த காகிதத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. பஸ்ஸிலேயே பிரித்தேன். முதல் பக்கத்தில் முயல். கடைசிப் பக்கத்திலும் முயல். அச்சகத்தில் அட்டையை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்; உள்ளே முழுக்க முயல் வளர்ப்பு. நாலு நாள் கழித்துப் பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னால், தான் எழுதிக் கொடுத்தே இரண்டு நாள் ஆகிவிட்டது என்றாள். அவள் புத்தகத்தைப் புரட்டினேன். அதிலும் முயல்தான்.

கூட்டத்தில் முதலாளி ஒவ்வொன்றாக வாசித்தார். பேக்கிங் பிரிவில் ஒருவருக்கு ஆமாஞ்சாமி என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். எண்பத்தேழாம் பக்கம் தன் வாழ்க்கையையே புரட்டிப் போட்டதாக எழுதியிருந்தார். எண்பத்தேழாம் பக்கத்தில் இருப்பது, முயலுக்குக் காதில் சொறி வந்தால் போட வேண்டிய மருந்து.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“நீ மட்டும் எழுதலையேம்மா. படிக்கலையா?”

மெத்தை கண்முன் வந்து நின்றது. என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது?

“படிச்சேன் சார். அதனாலதான் எழுதலை.”

அவர் அப்போதுதான் புத்தகத்தைத் திறந்தார். பார்த்தார், மூடினார். கூட்டமும் முடிந்தது.

பதவி ஆமாஞ்சாமிக்கே போனது. எனக்குக் கொடுத்தால் முதலாளியும் படிக்கவில்லை என்று ஆகிவிடுமே. வீட்டில் மெத்தையைப் பூனை எடுத்துக்கொண்டது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

மூன்று வாரம் கழித்து முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் மோட்டார் வாங்கும் ஒப்பந்தம், தலையணை கனத்துக்கு. அதன்மேல் ஆமாஞ்சாமி ‘பிரமாதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். முதலாளி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா. உள்ள முயல் கியல் இருக்கான்னு.”

“படிக்கிறேன் சார். ஆனா அந்தத் தலைவர் நாற்காலியில உக்காந்துதான் படிப்பேன்.”

அவர் அந்த ‘பிரமாத’த்தை இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் பூனையிடமிருந்து மெத்தையைப் பிடுங்கி, நன்றாக உதறி வைத்தேன்.